கட்டியதும் மாற்றியதும்: மண்டைக்காட்டு வழியில் ஊர்திப் பதிவுச் சட்டத்தின் வரலாறு

உந்து வண்டியொன்று பொதுச் சாலையில் ஓடுதற்கு அரசின் பதிவு வேண்டும் என்பது இன்று யாவரும் அறிந்ததே. அப்பதிவு இரண்டு வினாக்களுக்கு விடையாக அமைந்தது. ‘இவ்வண்டி யாருடையது?’ என்பது ஒன்று; ‘இவ்வண்டி சாலைக்குத் தக்கவாறு கட்டப்பட்டுள்ளதா?’ என்பது மற்றொன்று. முன்னையதற்கு எண்பலகை விடை தரும். பின்னையதற்கு ஆய்வு விடை தரும். ஆலையில் ஒரே வார்ப்பாக வெளிவரும் வண்டியைப் பொறுத்தமட்டில் இவ்விரண்டும் ஒரே தாளில் அடங்கிவிடுதலின், அவற்றின் வேற்றுமை நம் கண்ணுக்குப் புலனாவதில்லை. ஆனால் அயல்நாட்டிலிருந்து கொணர்ந்த வண்டியும், அடிச்சட்டத்தின்மேல் உள்ளூர்ப் பட்டறையில் கூண்டு கட்டிய பேருந்தும், ஒருவருடைய உடற்குறைக்கேற்பத் தனியே அமைத்த சிறு வண்டியும் பதிவு அலுவலகத்தின் வாயிலில் வந்து நிற்குங்கால் அவ்விரண்டு வினாக்களும் பிரிந்து நிற்கின்றன. சட்டத்தின் உள்ளியல்பு அப்பொழுதே தெற்றென விளங்குகின்றது. ஆகவே இத்தகைய வண்டிகளைக் கொண்டே பதிவுச் சட்டத்தின் வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஆய்வுக்குரிய நிலமாக நாஞ்சில் நாட்டுக் கடற்கரை ஊராகிய மண்டைக்காட்டைக் கொண்டோம். அதற்குரிய காரணத்தை முதற்கண் கூறுதல் வேண்டும்.

1. இரண்டு எல்லைகளுக்கு இடைப்பட்ட ஊர்

மண்டைக்காடு கல்குளம் வட்டத்தில், குளச்சலுக்கு அண்மையில், கடலோரச் சாலையில் அமைந்தது. திருவனந்தபுரத்தையும் நாகர்கோவிலையும் இணைக்கும் பெருஞ்சாலை இவ்வூருக்கு வடக்கே தக்கலை வழியாகச் செல்கின்றது. பகவதியம்மன் கோயிலின் மாசிக் கொடைவிழாவிற்குக் கேரளப் பகுதியிலிருந்து பெண்கள் இருமுடி தாங்கி வருதல் நெடுநாள் வழக்கு. அந்நாள்களில் தமிழ்நாட்டு எண்ணுடைய வண்டிகளும் கேரள எண்ணுடைய வண்டிகளும் இவ்வூரில் அருகருகே நிற்பதைக் காணலாம். அவ்வாறு நிற்றற்குச் சட்டம் இடந்தந்தது எப்பொழுது, எவ்வாறு என்பதே நம் வரலாற்றின் முதற் பகுதி.

1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை இவ்வூர் சென்னை மாநிலத்தைச் சார்ந்ததன்று. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் முதலில் திருவிதாங்கூர் மன்னராட்சியிலும், 1949 சூலைத் திங்களிலிருந்து திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்திலும் இருந்தன. அன்று மண்டைக்காட்டுக்கு அண்மையான ஆட்சியெல்லை கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில் இருந்தது. இன்றோ அது மேற்கே களியக்காவிளையில் உள்ளது. ஊர் பெயரவில்லை, சாலையும் பெயரவில்லை, எல்லை மட்டும் ஊருக்குக் கிழக்கிலிருந்து மேற்கிற்குப் பெயர்ந்தது. ஒரே வண்டியை எந்தச் சட்டத்தால் அளப்பது என்னும் வினாவிற்கு இதனினும் தெளிவான ஆய்வுக்களம் தென்னாட்டில் காண்டல் அரிது.

மற்றொரு செய்தியும் ஈண்டுக் கருதற்பாலது. பொருள்களின் சுங்கத்தைப் பொறுத்தவரை இவ்வெல்லை முன்னரே பெரும்பாலும் நீங்கியிருந்தது. பிரிட்டிஷ் அரசும் திருவிதாங்கூரும் கொச்சியும் 1865 இல் செய்துகொண்ட துறைமுக உடன்படிக்கையால், ஒரு துறையில் வரி செலுத்தி இறக்கிய அயல்நாட்டுப் பண்டம் மற்றொரு பகுதிக்குள் செல்லுங்கால் மீண்டும் வரி செலுத்த வேண்டுவதில்லை என்னும் நிலை ஏற்பட்டது. எனவே கடல்கடந்து வந்த எஞ்சினைப் பண்டம் என்ற முறையில் கொணர்தற்குத் தடை குறைவு. அவ்வெஞ்சின் சக்கரங்களின்மேல் ஏறி ஊர்தி என்னும் பெயர் பெற்றவுடன் அதனை ஆளும் சட்டம் வேறாயிற்று. சுங்கம் ஒன்றாகி எண்பத்தாறு ஆண்டுகள் கழிந்த பின்னரே ஊர்திச் சட்டம் ஒன்றாயிற்று என்பதை மேலே காண்போம்.

2. அரசே கொணர்ந்து அரசே கட்டியது

திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்துத் துறை 1938 பிப்ரவரி 20 இல், கொல்லம் 1113 மாசித் திங்களில், மன்னர் சித்திரைத் திருநாளால் தொடங்கப்பெற்றது. இலண்டன் நகரப் போக்குவரத்து நிறுவனத்தில் பணியாற்றியிருந்த இ. ஜி. சால்டர் அதன் தலைவராக அமர்த்தப்பட்டார். அத்துறையின் முதற் பேருந்துகளுக்காக இங்கிலாந்திலிருந்து பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் பொருத்திய 60 அடிச்சட்டங்கள் வருவிக்கப்பட்டன. அவற்றின்மேல் கூண்டு கட்டும் வேலை சால்டரின் மேற்பார்வையில் துறைத் தொழிலாளராலேயே செய்யப்பட்டது. திருவனந்தபுரம்–நாகர்கோவில் வழி அத்துறையின் தொடக்க வழிகளுள் ஒன்று.

இந்நிகழ்ச்சி நம் ஆய்விற்குப் பெரிதும் பயன்படுவது. தொழிலாளர் சேசிஸ் என்று வழங்கும் அடிச்சட்டம் இறக்குமதிப் பொருள். அவர் பாடி என்று வழங்கும் கூண்டு உள்ளூர் வேலை. இரண்டும் சேர்ந்தவிடத்தே பிறக்கும் பேருந்து இங்கிலாந்தில் செய்யப்பட்டதும் அன்று, முழுதும் திருவனந்தபுரத்தில் செய்யப்பட்டதும் அன்று. அடிச்சட்டம் செய்தவன் அதன் வலிமைக்குப் பொறுப்பாளன். ஆனால் இருக்கை எத்தனை, வாயில் எப்பக்கம், கூரையின் எடை எவ்வளவு, அவ்வெடை எந்த அச்சில் எவ்வளவு இறங்கும் என்பன கூண்டு கட்டியவன் கையில் உள்ளன. 1938 இல் இவ்விரண்டு பொறுப்புகளையும் அரசே ஏற்றது. கொணர்ந்ததும் அரசு, கட்டியதும் அரசு, இசைவு தந்ததும் அரசு, ஓட்டியதும் அரசு. ஆதலின் வழக்கெழ இடமில்லை. தனியார் ஒருவர் இவ்வாறு ஒரு வண்டியை அமைத்துக் கொணருங்கால் என்ன நேரும் என்னும் வினா எஞ்சியது.

தனியார் வண்டி அமைத்தல் தென்னாட்டிற்குப் புதிதன்று. சென்னைச் சிம்சன் நிறுவனத்தார் 1903 இல் நீராவியால் இயங்கும் கார் ஒன்றைத் தம் பட்டறையிலேயே அமைத்தனர். கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு 1952 இல் ஏறத்தாழ 2,000 ரூபாய் அடக்கத்தில் இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். அதனைப் பெருமளவில் செய்தற்கு அரசு உரிமம் தரவில்லை. பின்னது பதிவு பற்றியதன்று, உற்பத்தி உரிமம் பற்றியது என்பதை நாம் மறவோம். எனினும் ஒருவர் தம் கைவன்மையால் ஊர்தி அமைத்தல் ஒன்று, அதனை ஏற்கும் அரசிசைவு மற்றொன்று என்னும் உண்மைக்கு அது சான்றாகும்.

3. 1939 முதல் 1957 வரை

1914 ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வண்டிச் சட்டத்தை நீக்கி 1939 ஆம் ஆண்டின் நான்காம் சட்டம் வந்தது. பதிவின்றி வண்டி ஓட்டலாகாது என்பதனையும், ஒரு மாகாணத்தில் பெற்ற பதிவு பிரிட்டிஷ் இந்தியா முழுவதும் செல்லும் என்பதனையும் அது வகுத்தது. இவற்றுள் பின்னையதன் சொற்களை உற்று நோக்குதல் வேண்டும். பிரிட்டிஷ் இந்தியா என்னும் தொடருள் திருவிதாங்கூர் அடங்காது. எனவே திருநெல்வேலியில் பதிவுற்ற கார் ஒன்றுக்குப் பெஷாவர் வரை அச்சட்டம் உரிமை தந்தது. ஆரல்வாய்மொழியைக் கடந்து மண்டைக்காட்டு அம்மனை வழிபட வருதற்கு அச்சட்டம் தானாக உரிமை தரவில்லை. திருவிதாங்கூர் தனக்கெனச் சட்டம் இயற்றிக்கொள்ளும் அரசாக இருந்தமையே காரணம்.

இந்நிலையை மாற்றியது 1951 ஆம் ஆண்டின் பி பகுதி மாநிலங்கள் சட்டம். அரசமைப்பில் பி பகுதி மாநிலங்களாகக் குறிக்கப்பட்டவற்றிற்கு நடுவணரசின் பல சட்டங்களை விரித்த அதனால், 1951 ஏப்ரல் முதல் நாளிலிருந்து 1939 ஆம் ஆண்டுச் சட்டம் திருவிதாங்கூர்–கொச்சிக்கும் உரியதாயிற்று. முன்னர்க் கூறிய எண்பத்தாறு ஆண்டுக் கணக்கு இதுவே. பதிவெல்லை என்ற முறையில் ஆரல்வாய்மொழி அன்றே பொருளிழந்தது.

ஆயின் வண்டியின் கட்டமைப்புப் பற்றிய விதிகளை வகுக்கும் உரிமையை 1939 ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் மாநிலங்களிடமே விட்டிருந்தது. சென்னை மாகாணத்திற்கு 1940 ஆம் ஆண்டு விதிகள் இருந்தன. 1956 இல் நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தபொழுது மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் 119 ஆம் பிரிவு ஒரு பொதுநெறியை வகுத்தது: நிலம் மாறினாலும், உரிய சட்டமன்றமோ அதிகாரியோ மாற்றும் வரை அங்கு நடந்துவந்த சட்டம் மாறாது. அதன் பின்னரே 1957 ஆம் ஆண்டின் சென்னை இணைந்த நிலப்பகுதிச் சட்டவிரிவுச் சட்டம் வந்து, சென்னைச் சட்டங்கள் பலவற்றைக் கன்னியாகுமரி மாவட்டத்திற்கும் செங்கோட்டைப் பகுதிக்கும் விரித்தது. ஆகவே மக்கள் கொண்டாடிய இணைப்பு நாளும், சட்டம் ஒருமித்த காலமும் வேறுவேறு என அறிதல் வேண்டும். வரலாற்று மாணாக்கர் எல்லை மாற்றங்களை ஆராயுங்கால் நாட்குறிப்போடு நின்றுவிடாமல், இத்தகைய சட்டவிரிவுகளையும் ஒப்புநோக்குதல் நன்று.

இக்காலப் பகுதியின் ஆய்வுமுறையையும் கூறுதல் வேண்டும். வண்டி அலுவலகத்திற்கு நேரே கொண்டுவரப்பட்டது. மோட்டார் வண்டி ஆய்வாளர் அடிச்சட்ட எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஒத்துப்பார்த்து, எடையையும் இருக்கையையும் தடுப்பையும் விளக்கையும் நோக்கி, தம் கண்ணால் கண்டதைக் கொண்டு முடிவு கூறினார். வாடகை வண்டிகளும் பேருந்துகளும் காலந்தோறும் தகுதிச் சான்று பெறுதல் வேண்டும். இன்றும் ஓட்டுநர் ‘எப்.சி. காட்டுதல்’ என்று வழங்குவது அதுவே. ‘காட்டுதல்’ என்னும் வினையை நோக்குக. அது காண்பான் ஒருவனையும் காட்டப்படும் பொருள் ஒன்றனையும் வேண்டி நிற்பது. இஃது ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியே நோக்கும் முறை.

4. கட்டுதலும் மாற்றுதலும்

இவ்விடத்தே இரண்டு சொற்களை ஆராய்தல் தகும். 1939 ஆம் ஆண்டுச் சட்டம் உடற்குறையுடையோர் ஊர்தி என்று ஒருவகையை வரையறுத்தது. அவ்வண்டி அத்தகையோர் பயன்பாட்டிற்கெனவே தனியே வரைந்து கட்டப்பட்டதாதல் வேண்டும்; வேறொரு வண்டியை வெறுமனே மாற்றியமைத்தது ஆகாது என்பது அவ்வரையறையின் கருத்து. 1988 ஆம் ஆண்டில் புதுச்சட்டம் இயற்றப்பட்டபொழுதும் இக்கருத்து மாறவில்லை.

கட்டுதல் என்பதற்கும் மாற்றுதல் என்பதற்கும் இடையே சட்டம் இட்ட இக்கோடு எளிய மக்களுக்கு எவ்வளவு பெரிய தடை என்பது சிறிது எண்ணினால் விளங்கும். கால் வலுவிழந்த ஒருவர் வண்டியூர விரும்பின், அவருக்கெனவே புதிதாக வரைந்து கட்டிய ஊர்தியை வாங்குதல் பெருஞ்செல்வர்க்கே இயல்வது. ஏனையோர் செய்வது, கடையில் கிடைக்கும் ஸ்கூட்டர் ஒன்றை வாங்கி, பின்சக்கரத்தின் இருமருங்கும் துணைச் சக்கரங்களைப் பட்டறையில் பொருத்திக்கொள்வதே. நாட்டில் எங்கும் காணப்படுவது இவ்வண்டியே. சொல்லின் நேர்ப்பொருளில் அது கட்டியது ஆகாது, மாற்றியதே ஆகும். எனவே எவர்க்காக அவ்வரையறை எழுந்ததோ அவருட் பெரும்பாலோருடைய வண்டி அவ்வரையறைக்குப் புறம்பே நின்றது.

பண்டைத் தமிழர் இவ்வேற்றுமையை வேறொரு கோணத்தில் அறிந்திருந்தனர். ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு திங்கள் முயன்று செய்த ஒற்றைத் தேர்க்காலை அதியமானுக்கு ஔவையார் உவமை கூறியது புறநானூற்றுப் பயிற்சியுடையார் அறிந்தது. விரைந்து பல செய்தலும், ஒன்றனையே கருதிச் செய்தலும் ஒரே தச்சன் கையில் அமைந்தன என்பது அதனால் பெறப்படும். இக்காலச் சட்டமோ இவ்விரண்டனுள் முன்னையதையே இயல்பாகக் கொண்டு, பின்னையதை விலக்காக நோக்கலாயிற்று. அவ்வாறு ஆனதற்குக் காரணம் வகையொப்புதல் என்னும் முறை.

5. வகையொப்புதல் வந்த பின்

1988 ஆம் ஆண்டுச் சட்டமும் அதன்வழி வந்த 1989 ஆம் ஆண்டு நடுவண் மோட்டார் வண்டி விதிகளும் 1989 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தன. கட்டமைப்பு விதிகள் பெரும்பாலும் மாநிலங்களிடமிருந்து நடுவணரசுக்குச் சென்றன. அவ்விதிகளுள் 126 ஆம் விதி, வண்டி செய்வோர் தாம் செய்யும் வகையின் முன்மாதிரி ஒன்றை ஏற்புடைய ஆய்வு நிலையத்தில் காட்டிச் சான்று பெறுதல் வேண்டும் என வகுத்தது. புனேயிலுள்ள இந்திய ஊர்தி ஆராய்ச்சிக் கழகமும், அகமதுநகரிலுள்ள பாதுகாப்புத் துறை ஊர்தி நிலையமும் இத்தகையவற்றுள் சில. பிற்காலத்தில் சென்னைக்கு அண்மையில் ஒரகடத்திலும் ஆய்வு மையம் அமைந்தது.

இதனால் நேர்ந்த மாறுதலைச் சுருங்கக் கூறின், ஆய்வாளரின் கண் வண்டியினின்று வகைக்குச் சென்றது எனலாம். முன்மாதிரி ஒன்று ஒப்புதல் பெற்றால் அவ்வகையில் ஆயிரக்கணக்கான வண்டிகள் உற்பத்தியாளரின் சாலைத்தகுதிச் சான்றோடு பதிவு பெறும். அடிச்சட்டத்தின்மேல் கூண்டு கட்டும் வண்டிக்கு அச்சான்று இரண்டு கூறுடையது. அடிச்சட்டம் செய்தவர் ஒரு கூறும், கூண்டு கட்டியவர் மற்றொரு கூறும் ஒப்பமிடுதல் வேண்டும். 1938 இல் திருவிதாங்கூர் அரசு தன் ஒரு கையில் அடக்கிக்கொண்ட இரட்டைப் பொறுப்பு இவ்வாறு இரண்டு தாள்களாகப் பிரிந்தது. கரூர் முதலிய ஊர்களில் வளர்ந்த பேருந்துக் கூண்டுத் தொழிலும் இந்நெறிக்கு உட்பட்டது. பேருந்துக் கூண்டுக்கெனத் தனித் தரநெறியும் வகுக்கப்பட்டது.

இம்முறையைக் குறைகூறுதல் எளிது; அதன் நியாயத்தையும் உணர்தல் வேண்டும். கூண்டின் கூரை கவிழ்ச்சியைத் தாங்குமா, தீப்பற்றினால் வெளியேற வழியுண்டா, புகையின் நச்சு எவ்வளவு என்பனவற்றை ஆய்வாளர் ஒருவர் அலுவலக முற்றத்தில் நின்று கண்ணால் அறிதல் இயலாது. அவற்றுக்குக் கருவியும் ஆய்வுக்கூடமும் வேண்டும். எனவே வகையொப்புதல் உயிர்காக்கும் முறையே ஆகும். ஆனால் அதன் செலவைப் பல்லாயிரம் வண்டிகளின்மேல் பகிர்ந்துகொள்ள வல்லார்க்கு அது சிறுசுமை. ஒற்றை வண்டி அமைப்பார்க்கு அது பெருஞ்சுவர்.

2000 ஆம் ஆண்டுத் திருத்தம் இச்சுவரை மேலும் உயர்த்தியது. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக உரிமையாளர் தம் வண்டியை மாற்றலாகாது என 52 ஆம் பிரிவு திருத்தப்பட்டது. கேரளத்திலிருந்து எழுந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 சனவரி 9 இல் அப்பிரிவின் கடுமையை உறுதிசெய்து, அம்மாநிலத்தின் விதிகள் நடுவண் சட்டத்திற்கு அடங்கியே நிற்கும் எனத் தீர்ப்பளித்தது. களியக்காவிளைக்கு அப்பால் எழுந்த வழக்காயினும் அதன் தீர்ப்பு இப்பாலும் ஒருபடித்தாகவே செல்லும். எல்லைகள் சட்டத்தை வேறுபடுத்திய காலம் போய், சட்டம் எல்லைகளை மறந்த காலம் இது.

அதே 2019 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வேறொரு வாயிலைத் திறந்தது. உடற்குறையுடையோர் பயன்பாட்டிற்கெனத் தனியே கட்டப்பட்டதும், அவர்க்கென மாற்றியமைக்கப்பட்டதும் ஆகிய இரண்டனையும் ஒரே பெயரால் தழுவும் புது வரையறையை அது தந்தது. பதிவதிகாரியின் பின்னிசைவோடு, விதித்த நிபந்தனைகளுக்கு இணங்க, ஒருவர் தம் வண்டியை அவ்வாறு மாற்றிக்கொள்ளலாம் என்றும் 52 ஆம் பிரிவில் சேர்த்தது. எண்பது ஆண்டுகளாகக் கட்டியதற்கும் மாற்றியதற்கும் இடையே நின்ற கோடு இவ்வளவில் அழிந்தது. 2020 அக்டோபர் 22 இல் பதிவு விண்ணப்பப் படிவம் திருத்தப்பட்டு, உரிமையாளர் வகைகளுள் மாற்றுத்திறனாளர் என்பதும் குறிக்கப்பட்டது. சலுகைகள் உரியவரைச் சேர்தற்கு இக்குறிப்பு உதவுவது.

6. இறக்குமதி வண்டியின் வழி

இனி இறக்குமதி வண்டியை நோக்குவோம். 1989 ஆம் ஆண்டு விதிகளின் 47 ஆம் விதி, பதிவு கோருவோர் தரவேண்டிய தாள்களுள், வண்டி அயல்நாட்டதாயின் சுங்கத்தார் தரும் விடுவிப்புச் சான்றையும் சேர்த்துள்ளது. எனவே இத்தகைய வண்டி இரண்டு வாயில்களைக் கடத்தல் வேண்டும். சுங்கம் ஒன்று, கட்டமைப்பு ஒப்புதல் மற்றொன்று. தமிழ்நாட்டில் 1990 ஆம் ஆண்டின் நுழைவு வரிச் சட்டம் மூன்றாவது வாயில் ஒன்றையும் வைத்தது. கடல்கடந்து வந்த வண்டிக்கு அவ்வரி உண்டா என்று நெடுங்காலம் வழக்கு நடந்தது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில், இறக்குமதிப் பொருளுக்கும் மாநிலம் நுழைவு வரி விதிக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபர் 9 இல் கூறியது. சரக்கு சேவை வரி அதற்குச் சில திங்கள் முன்னரே வந்துவிட்டமையால் பின்வந்த வண்டிகளுக்கு இவ்வினா எழவில்லை.

கட்டமைப்பு ஒப்புதலிலோ 2018 செப்டம்பரில் ஒரு தளர்ச்சி ஏற்பட்டது. குறித்த அயல்நாட்டு நெறிகளுக்கு இணங்கி ஒப்புதல் பெற்ற கார்களை, உற்பத்தியாளர் ஒருவர் ஆண்டுக்கு 2,500 வரை இந்தியாவில் மீண்டும் ஆய்வுக்கு உட்படுத்தாமலே கொணரலாம் என்பது அது. இத்தளர்ச்சி யாருக்கு வந்தது என்பதை நோக்குக. அது வந்தது உற்பத்தியாளர்க்கும் அவர்தம் முகவர்க்குமே. தனியொருவர் பழகிய வண்டியைக் கொணர்வதற்கு அயல் வாணிகக் கொள்கை விதித்த கட்டுகள் கடுமையானவை. செய்து மூன்றாண்டுக்கு மேற்படாத வண்டியாதல் வேண்டும். வலப்புறம் ஓட்டும் அமைப்புடையதாதல் வேண்டும். மும்பைத் துறைமுகத்தில் இறங்குதல் வேண்டும். குளச்சல் துறையின் அண்மையில் வாழும் மண்டைக்காட்டார் ஒருவர் அயல்நாட்டில் உழைத்துத் திரும்புங்கால் தாம் பழகிய வண்டியைக் கொணர விரும்பினும், அவ்வண்டி இக்கட்டுகள் அனைத்தையும் கடந்தே ஊர் வந்து சேரும்.

ஐம்பதாண்டு கடந்த பழவண்டிக்கு மட்டும் தனிவழி உண்டு. 2021 சூலை 15 இல் வெளிவந்த விதிகள், முதல் முறை பதிவுற்று ஐம்பதாண்டு கழிந்த இருசக்கர வண்டிகளையும் கார்களையும், இறக்குமதியானவை உட்பட, தொல்வண்டிகளாக ஏற்றன. அவற்றின் எண்பலகையில் ‘விஏ’ என்னும் எழுத்துகள் அமையும். புதுப்பதிவிற்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு பத்தாண்டு செல்லும். அடிச்சட்டமும் கூண்டும் எஞ்சினும் பெரிதும் மாறாதிருத்தல் வேண்டும். மாநிலக் குழு அவ்வண்டியை நேரிற் கண்டு முடிவு கூறும். காட்சி, ஆராய்ச்சி, அணிவகுப்பு முதலியவற்றிற்கன்றி நாளும் சாலையில் ஓட்டலாகாது.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. திருவிதாங்கூர் நாளில் எல்லை வேற்றுமையே பதிவுக்கு முதல் தடையாக இருந்தது. 1951 இல் சட்டம் ஒன்றாகவும், 1957 இல் விரிவுச் சட்டம் வரவும் அத்தடை நீங்கியது. இன்று மாசிக் கொடையில் கேரள எண்ணுடைய கார் மண்டைக்காட்டில் நிற்பது, ஒரு மாநிலத்துப் பதிவு நாடு முழுவதும் செல்லும் என்னும் நெறியின் பயன். எனினும் எல்லைத் தடை நீங்கிய அளவில் வகைத் தடை எழுந்தது. ஒற்றை வண்டியைக் கண்டு முடிவு கூறிய முறை தளர்ந்து, வகையைக் கண்டு முடிவு கூறும் முறை ஓங்கியது.

அம்முறைக்குச் சட்டம் தந்த விலக்குகளை ஒருசேர வைத்து நோக்கின், 2018 இல் பெரிய இறக்குமதியாளர்க்கும், 2019 இல் உடற்குறையுடையோர்க்கும், 2021 இல் தொல்வண்டிக்கும் வாயில் திறந்தது என்பது தெரியவரும். இவற்றுள் பின்னைய இரண்டும் ஆய்வாளரின் கண்ணை மீண்டும் ஒற்றை வண்டியின்மேல் திருப்பின. தொல்வண்டிக்கெனக் குழு கூட்டி நேரிற் காணும் அரசு, துணைச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டருக்கும் அதே நேர்நோக்கைத் தயக்கமின்றி, அவர்தம் ஊருக்கு அண்மையிலேயே தருதல் வேண்டும் என்பது நம் கருத்து. முன்னது ஆண்டிற் சில நாள் காட்சிக்குச் செல்வது; பின்னது நாள்தோறும் ஒருவரைச் சந்தைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் கொண்டு செல்வது. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் உள்ள அலுவலகங்களில் 2019 ஆம் ஆண்டு வரையறை எவ்வாறு கையாளப்படுகின்றது என்பதைப் பதிவேடுகளைக் கொண்டு ஆராய்தல் பின்வரும் ஆய்வாளர்க்கு உரிய பணி. சட்டத்தில் ஒரு சொல் மாறுதற்கு எண்பதாண்டு சென்றது. அச்சொல் சாலையில் பயன்படுதற்கு அத்துணைக் காலம் செல்லலாகாது.